காரம் பிந்தி வரட்டும்

மிளகாய் போட்ட சாக்லேட்டை முதல்முறை சாப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறார்கள். ஒரு துண்டை வாயில் போட்டு, அவசரமாக மென்று விழுங்கிவிட்டு, "காரமே தெரியலையே" என்பார்கள். அடுத்த துண்டுக்குக் கை போகும். அதற்குள் முதல் துண்டு தொண்டையில் தன் வேலையை ஆரம்பித்திருக்கும். முகம் சிவக்கும், மூக்கு ஒழுகும், தண்ணீர் எங்கே என்று கண் அலையும். தண்ணீரைக் குடித்தாலோ எரிச்சல் இன்னும் நாலு இடத்துக்குப் பரவும்.

நான் சில வருடங்களாக இந்த வகைச் சாக்லேட்டுகளின் பின்னால் அலைந்துகொண்டிருக்கிறேன். கண்ணில் பட்டதை வாங்கி வைப்பது, நண்பர்கள் கூடும்போது பிரிப்பது, ஆளுக்கொரு துண்டு தின்றுவிட்டுச் சண்டை போடுவது. அந்தச் சண்டைகளில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: எவ்வளவு காரம் என்று பார்க்காதீர்கள். எப்போது வருகிறது, வரும்போது கூட எதை அழைத்து வருகிறது என்று பாருங்கள். உறையில் எத்தனை மிளகாய்ப் படம் அச்சிட்டிருக்கிறார்கள் என்பதை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

காரம் பிந்துவதற்குக் காரணம் கொழுப்பு. மிளகாயின் காரத்துக்குப் பொறுப்பான கேப்சைசின் தண்ணீரில் கரைவதே இல்லை என்று சொல்லிவிடலாம்; எண்ணெயிலும் வெண்ணெயிலும் நன்றாகக் கரையும். சாக்லேட்டில் கொழுப்புக்குப் பஞ்சமில்லை. 70 சதவீதம் கோகோ உள்ள டார்க் சாக்லேட்டை எடுத்துக்கொண்டால் அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கோகோ வெண்ணெய்தான். கேப்சைசின் அதற்குள் போய்ப் பதுங்கிக்கொள்கிறது. கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரி செல்சியஸில் உருகும், அதாவது உடம்புச் சூட்டுக்குச் சற்றே கீழே. வெளியே கெட்டியாக, ஒடித்தால் 'டக்' என்று சத்தம் வருகிற துண்டு நாக்கில் பட்டதும் இளகுவது அதனால்தான். துண்டு உருக வேண்டும், கொழுப்பு நாக்கின் மேல் படலமாகப் படிய வேண்டும், அந்தப் படலத்திலிருந்து கேப்சைசின் கொஞ்சம் கொஞ்சமாக நழுவி நரம்பு முனைகளைத் தொட வேண்டும். அதற்குள் கோகோவுக்குப் பேச நேரம் கிடைத்துவிடுகிறது.

தொட்ட பிறகு நடப்பதற்கும் ருசிக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. இனிப்பு, புளிப்பு, கசப்பு எல்லாம் நாக்கின் சுவை மொட்டுகள் வழியாகப் போகின்றன. காரம் போவது சூட்டையும் வலியையும் சுமந்து செல்லும் நரம்பு வழியாக. 1997இல் கலிஃபோர்னியாவில் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு கேப்சைசினைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தை அடையாளம் கண்டது. டிஆர்பிவி1 என்று அதற்குப் பெயர். அதே புரதம் சுமார் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூடு பட்டாலும் விழித்துக்கொள்ளும். ஆக, மிளகாயைக் கடித்தவனின் மூளைக்குப் போகும் செய்தி 'வாய் வேகிறது' என்பதுதான்; வாய் என்னவோ வேகவில்லை. இந்த வேலைக்காக ஜூலியஸுக்கு 2021ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு ஆர்டெம் படபூட்டியனோடு சேர்த்துக் கிடைத்தது. சாக்லேட்டில் இது ஒரு வினோதமான நிலைமையை உண்டாக்குகிறது. ஒரே நேரத்தில் வாய்க்குள் ஒரு பொருள் குளிர்ச்சியாக உருகிக்கொண்டிருக்கிறது (கோகோ வெண்ணெய் உருகும்போது நாக்கின் சூட்டைத்தான் எடுத்துக்கொள்கிறது), இன்னொரு பொருள் சுடுகிறது என்று புளுகிக்கொண்டிருக்கிறது. இந்த முரண் பிடித்துப்போனவர்களுக்குத்தான் மிளகாய் சாக்லேட் பிடிக்கும் என்பது என் ஊகம்.

சரி, ஒன்றை நிதானமாகச் சாப்பிட்டுப் பார்ப்போம். ஆஞ்சோ மிளகாய் சேர்த்த டார்க் சாக்லேட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆஞ்சோ என்பது மெக்சிகோவின் பொப்லானோ மிளகாயைப் பழுக்கவிட்டுக் காயவைத்தது. அகலமாக, கருஞ்சிவப்பாக, தோல் சுருங்கி இருக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு சாக்லேட்டைச் சாப்பிடக் கூடாது. குளிர்ந்த கொழுப்பு உருகவும் தாமதமாகும், வாசனையையும் விடாது. அறைச் சூட்டுக்கு வந்த பிறகு ஒரு துண்டை ஒடித்து முதலில் முகர்ந்து பார்க்க வேண்டும். நல்ல சாக்லேட்டாக இருந்தால் மிளகாயின் நெடி வராது. உலர்ந்த திராட்சையைப் பெட்டியிலிருந்து அப்போதுதான் திறந்தது போன்ற ஒரு வாசனை, அதன் பின்னால் வறுத்த கோகோ.

வாயில் போட்ட பிறகு கடிக்காமல் நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் அழுத்தி வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் கசப்பு தலைகாட்டும், பிறகு இனிப்பு. விளிம்புகள் மழுங்கி, துண்டு வழவழப்பாகும்போது பழப் புளிப்பு லேசாக வரும். இதுவரை மிளகாய் இருப்பதே தெரியாது. துண்டு பாதி கரைந்தபின் நாக்கின் பின்பக்கத்தில் வெதுவெதுப்பாக ஒன்று ஆரம்பிக்கும். எரிச்சல் என்று சொல்ல முடியாது. அங்கே மட்டும் யாரோ விளக்கை ஏற்றியது மாதிரி. விழுங்கும்போது அது தொண்டை வழியாக இறங்கும். விழுங்கி முடித்த பிறகுதான் உச்சத்துக்குப் போகும். அப்போது வாயில் சாக்லேட் இல்லை, ஆனால் அதன் வாசனை மூக்கின் பின்வழியாக இன்னும் வந்துகொண்டிருக்கும். இந்த இடம்தான் எனக்கு வேண்டியது. சூடும் கோகோ வாசனையும் மட்டும் மிஞ்சி, இனிப்பு கழன்று போன அந்த அரை நிமிடம். சாதாரண டார்க் சாக்லேட்டில் வால்பகுதி இவ்வளவு நீளமாக வராது.

மோசமான மிளகாய் சாக்லேட்டில் இந்த வரிசை தலைகீழாகிவிடும். வாயில் வைத்ததும் சுரீர் என்று ஏறும், அப்புறம் எதுவும் தெரியாது. பெரும்பாலும் உறையின் பின்பக்கத்தைப் படித்தால் விஷயம் விளங்கும்: மிளகாய் என்று போட்டிருக்காது, மிளகாய்ச் சாறு அல்லது ஓலியோரெசின் என்று போட்டிருக்கும். மிளகாயிலிருந்து கரைப்பான் கொண்டு காரத்தைப் பிரித்தெடுத்த கெட்டியான பிசின் அது. சில துளிகள் போதும், வேலை சுலபம், எல்லாத் துண்டும் ஒரே அளவு காரமாக வரும். தொழிற்சாலைக்கு அதுதான் வசதி. ஆனால் பொடியின் துகளுக்குள் அடைபட்டிருக்கும் காரம் வெளியே வர நேரம் எடுக்கும். பிசினோ முன்கூட்டியே கொழுப்பில் கரைந்து தயாராக நிற்கிறது. துண்டு இளகிய கணமே பாய்ந்துவிடுகிறது. தவிர, காய்ந்த மிளகாயின் பழ வாசனையும் புகை வாசனையும் மண் வாசனையும் அதில் பெரும்பாலும் மிஞ்சுவதில்லை. வெறும் எரிச்சல். ஒருமுறை பளபளப்பான பெட்டியில் வந்த ஒன்றை நான்கு பேர் பகிர்ந்து சாப்பிட்டோம். மிளகாயைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லோரும் பேசியது பாலைப் பற்றித்தான், வீட்டில் இருக்கிறதா என்று.

பால் கேட்டது சரிதான். பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் கேப்சைசினோடு ஒட்டிக்கொண்டு அதைக் கழுவி எடுத்துப் போகிறது. தண்ணீருக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. சர்க்கரையும் காரத்தை அடக்கும்.

இதை வைத்தே ஒரு விஷயத்தை ஊகித்துவிடலாம். மில்க் சாக்லேட்டில் பாலும் அதிகம், சர்க்கரையும் அதிகம். அதனால் அதே அளவு மிளகாய் போட்டாலும் டார்க்கை விட அதில் காரம் மட்டுப்பட்டுத்தான் தெரியும், சீக்கிரமே ஓய்ந்தும் போகும். காரம் என்றாலே பயப்படுகிறவர்களுக்கு அது நல்ல தொடக்கம். எனக்கு அது பாதியில் நிறுத்திய பேச்சு போலத் தோன்றும். தவறென்று சொல்ல மாட்டேன். ஒயிட் சாக்லேட் கதையே வேறு. அதில் கோகோவின் கறுப்புத் திடப்பொருள் கிடையாது, கோகோ வெண்ணெயும் பாலும் சர்க்கரையும்தான். மிளகாய் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. ஹபனேரோ மாதிரி, காரத்துக்கு அடியில் பழ வாசனை உள்ள மிளகாயை அதில் கவனமாகப் போட்டால் ஆச்சரியமாக இருக்கும்: ஆப்ரிகாட் பழத்தைச் சாப்பிடுகிற மாதிரி ஆரம்பித்து, நெருப்பில் போய் முடியும். ஒயிட் சாக்லேட்டை ஒரு சாக்லேட்டாகவே மதிக்காத நண்பர் ஒருவர் அதைச் சாப்பிட்டுவிட்டு, கொள்கையை மாற்றிக்கொள்ளாமல் இரண்டாவது துண்டு எடுத்தார்.

இந்தப் பண்டத்தை உண்டாக்குவதும் லேசுப்பட்ட காரியமில்லை. வீட்டிலேயே சாக்லேட் செய்கிற தோழி ஒருத்தியிடம், பச்சை மிளகாயை அரைத்துக் கலந்தால் என்ன, அந்தப் பசுமை வாசனை நன்றாகத்தானே இருக்கும் என்று கேட்டேன்.

"வாயால் சொன்னால் நம்ப மாட்டாய். இரு, காட்டுகிறேன்" என்றாள்.

உருக்கி வைத்திருந்த சாக்லேட்டில் கொஞ்சத்தைத் தனிக் கிண்ணத்தில் எடுத்தாள். கண்ணாடி மாதிரி மின்னியது. கரண்டியைத் தூக்கினால் நாடாவாக மடிந்து மடிந்து விழுந்தது. அதில் அரைத்த மிளகாய் விழுதைக் கால் தேக்கரண்டி விட்டுக் கிளறினாள். இரண்டு சுற்றுகூட ஆகவில்லை, மினுமினுப்பு செத்தது. நாடா அறுந்தது. இன்னும் இரண்டு சுற்றில் மொத்தமும் மங்கிப்போன, சொரசொரப்பான உருண்டையாகக் கரண்டியில் ஏறிக்கொண்டது. கிண்ணத்தின் ஓரத்தில் எண்ணெய் கசிந்து நின்றது.

"தண்ணீர். அவ்வளவுதான். சாக்லேட்டில் தண்ணீரே கிடையாது. ஒரு சொட்டு பட்டாலும் சர்க்கரையும் கோகோவும் அதைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிவிடும். நிறையத் தண்ணீர் விட்டால்கூடக் குழம்பாகிப் பிழைக்கும். கொஞ்சம் விட்டால்தான் இப்படி."

"அப்போ மிளகாய் எண்ணெய்?"

"ஊற்றலாம். ஆனால் அது கெட்டியாகிற எண்ணெய் இல்லையே. சாக்லேட் நெகிழ்ந்துபோகும், ஒடிகிற சத்தம் போய்விடும், கொஞ்ச நாளில் மேலே வெள்ளை பூக்கும். உனக்கு அந்தச் சத்தம் வேண்டாமென்றால் சொல், ஊற்றுகிறேன்."

எனக்கு அந்தச் சத்தம் வேண்டும். ஆக மிஞ்சுவது மூன்று வழி. மிளகாயை எலும்பாகக் காயவைத்து, மிதமாக வறுத்துப் பொடித்துக் கலப்பது முதலாவது. கோகோ வெண்ணெயை உருக்கி அதிலேயே மிளகாயை ஊறவைத்து வடிகட்டுவது இரண்டாவது. மூன்றாவது, சூடான க்ரீமில் மிளகாயைப் போட்டு மூடிவைத்து, வடித்து, அந்த க்ரீமோடு சாக்லேட்டைச் சேர்த்து கனாஷ் ஆக்கி ட்ரஃபிளாக உருட்டுவது. கனாஷில் தண்ணீரும் கொழுப்பும் பால்போல் கலந்திருப்பதால் அங்கே பச்சை மிளகாயையும் பயன்படுத்தலாம். அந்தப் பசுமை வாசனை தேடுகிறவர்கள் பார் சாக்லேட்டை விட்டுவிட்டு ட்ரஃபிளுக்குப் போக வேண்டும். ட்ரஃபிள் வாயில் இன்னும் சீக்கிரம் இளகும், காரமும் சீக்கிரம் வரும், பாலாடை அதைச் சீக்கிரமே அணைத்தும் விடும். எல்லாம் விரைவு. பெரிய விருந்தின் முடிவில் நன்றாக இருக்கும். உட்கார்ந்து ருசி பார்க்க பார்தான் சரி.

பொடியில் இன்னொரு தலைவலி இருக்கிறது. நல்ல சாக்லேட்டில் துகள்களை 20 மைக்ரான் அளவுக்கு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குக்கு அரைப்பார்கள். 30 மைக்ரானைத் தாண்டினால் நாக்கு மணல் என்று கண்டுபிடித்துவிடும். அரைத்து முடித்த சாக்லேட்டில் கடைசியாக மிளகாய்ப் பொடியைத் தூவினால் வழவழப்புக்கு நடுவில் அங்கங்கே நறநறக்கும். போதாததற்கு, ஒரு துகள் இருக்கிற இடத்தில் பளிச்சென்று சுட்டு, இல்லாத இடத்தில் வெறும் சாக்லேட்டாக இருக்கும். மிளகாயையும் கோகோவோடு சேர்த்தே அரைத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அப்புறம் அந்த எந்திரத்தில் எந்தச் சாக்லேட் செய்தாலும் மிளகாய் எட்டிப்பார்க்கும். அத்தனையையும் கழுவ வேண்டும், தண்ணீரும் ஆகாது. சிறு தயாரிப்பாளர்கள் பலர் ஏன் கடைசியில் தூவுகிறார்கள் என்று இப்போது புரிகிறது.

நறநறப்பே அழகாகிற இடங்களும் உண்டு. அமெரிக்காவில் டாசா என்ற நிறுவனம் கல் எந்திரத்தில் கொரகொரப்பாக அரைத்து, வட்ட வட்டமாகச் செய்கிற சாக்லேட்டில் குவாஹியோ மிளகாய் போட்ட வகை ஒன்று இருக்கிறது. சிசிலித் தீவின் மோடிகா ஊர்ச் சாக்லேட்டும் அந்த ஜாதிதான். அங்கே கோகோவை மிதமாகத்தான் சூடாக்குவார்கள், அதனால் கலந்த சர்க்கரை கரையாமல் பரல் பரலாகவே நிற்கும். 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குப் புவிசார் பாதுகாப்பு கொடுத்தது. மோடிகாவில் மிளகாய், லவங்கப்பட்டை, வனிலா எல்லாம் பழகிய சேர்மானங்கள். இந்த மாதிரிச் சாக்லேட் வாயில் படலமாகப் படியாது. சர்க்கரைப் பரல் நொறுங்கும்போது இனிப்பு, அடுத்தது காரம், மறுபடி இனிப்பு என்று மாறி மாறி வரும். பிந்தி வரும் காரத்துக்குக் கொடி பிடிக்கிற நான், இதற்கு மட்டும் விலக்கு கொடுத்திருக்கிறேன்.

மிளகாயையும் சாக்லேட்டையும் சேர்ப்பது நவீனச் சமையல்காரர் எவரோ கண்டுபிடித்த கூத்து என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இனிப்புக் கட்டிதான் பின்னால் வந்தது. மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் வாழ்ந்த மாயா, அஸ்டெக் மக்கள் கோகோவைக் குடித்தார்கள். மிளகாய், வனிலா, வாசனைப் பூக்கள், சில சமயம் தேன் சேர்த்து, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு உயரத் தூக்கி ஊற்றி நுரைக்க வைத்துக் குடித்தார்கள். அப்படி ஊற்றுகிற ஒரு பெண்ணின் உருவம் 'பிரின்ஸ்டன் குவளை' என்று அழைக்கப்படும் மாயா மட்பாண்டத்தில் இருக்கிறது; 7 அல்லது 8ஆம் நூற்றாண்டுச் சித்திரம். கரும்புச் சர்க்கரை அங்கே போய்ச் சேர்ந்தது ஸ்பானியர்களோடு. சர்க்கரை சேர்ந்த பிறகும் மிளகாய் உடனே விலகிவிடவில்லை. 1631இல் மாட்ரிட்டில் வெளியான அன்டோனியோ கொல்மெனெரோ தெ லெதெஸ்மாவின் சாக்லேட் கையேட்டில், நூறு கோகோ விதைக்கு இரண்டு மிளகாய் என்று கணக்கு இருக்கிறது. கூடவே சோம்பு, லவங்கப்பட்டை, பாதாம், சர்க்கரை.

அதன்பின் ஐரோப்பாவில் மிளகாய் நழுவிப்போய்விட்டது. கடித்துத் தின்கிற சாக்லேட் கட்டியை பிரிஸ்டலில் ஃப்ரை கம்பெனி 1847இல் வார்த்தபோதும், 1875இல் டேனியல் பீட்டர் அதில் பாலைச் சேர்த்தபோதும், 1879இல் ருடால்ஃப் லிண்ட் சாக்லேட்டை நாள்கணக்கில் உருட்டிப் பிசையும் எந்திரத்தைக் கண்டுபிடித்தபோதும் மிளகாய் அந்தப் பக்கமே இல்லை. இனிப்பு, வழவழப்பு, பால் என்றுதான் எல்லாம் போனது. அதனால் இன்றைய மிளகாய் பார் என்பது ஒரு பழைய பானத்தின் சேர்மானத்தை, அந்தப் பானத்துக்குத் தெரியவே தெரியாத ஒரு வடிவத்தில் திணிக்கும் முயற்சி. பானத்தில் காரம் உடனே வரும். பாரில் பிந்தி வரும். பழைய செய்முறையை அப்படியே பின்பற்றுவதாகப் பெருமை அடித்துக்கொள்ளும் உறைகளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

சரி, எந்த மிளகாய்? இங்கேதான் ஸ்கோவில் கணக்கு வருகிறது. 1912இல் வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தியலாளர் மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து, ருசி பார்க்கிறவர்களுக்குக் காரம் தெரியாமல் போகும்வரை நீர்க்கச் செய்தார். எத்தனை மடங்கு நீர்க்க வேண்டியிருந்ததோ அதுவே மிளகாயின் எண். இன்று நாக்குக்குப் பதிலாகக் கருவிகள் அளக்கின்றன. ஆஞ்சோ 1,000 முதல் 2,000 வரை. ஹலபெனோ 2,500 முதல் 8,000. பழுத்த ஹலபெனோவைப் புகையில் வாட்டியதுதான் சிபோட்லே. ஹபனேரோ ஒரு லட்சத்திலிருந்து மூன்றரை லட்சம். வடகிழக்கு இந்தியாவின் பூத் ஜொலோக்கியா பத்து லட்சத்தைத் தொட்டு 2007இல் கின்னஸ் சாதனையானது. 2023இல் எட் கரி என்ற அமெரிக்கர் உருவாக்கிய பெப்பர் எக்ஸ் மிளகாய் 26,93,000 என்று பதிவாகியது. தூய கேப்சைசின் ஒரு கோடியே அறுபது லட்சம்.

இந்த எண்களைப் பார்த்து மிளகாயைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒரு எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. இரண்டு லட்சம் எண் உள்ள ஹபனேரோ பொடி ஒரு கிராமை ஒரு கிலோ சாக்லேட்டில் கலந்தால் மொத்தத்தின் காரம் சுமார் 200 எண்ணுக்கு இறங்கிவிடும். 1,500 எண் உள்ள ஆஞ்சோவை அதே ஒரு கிலோவில் 20 கிராம் போட்டால் 30 எண்தான் வரும். காரம் பார்த்தால் ஹபனேரோ ஆறேழு மடங்கு. ஆனால் மிளகாயின் ருசி? ஒரு பக்கம் ஒரு கிராம் மிளகாய், இன்னொரு பக்கம் இருபது கிராம். மிளகாயை ருசிக்க வேண்டுமென்றால் காரம் குறைந்த மிளகாயை நிறையப் போட வேண்டும். காரமான மிளகாயைக் கொஞ்சமாகப் போட்டால் எரிச்சலைத் தவிர வேறெதற்கும் இடமில்லை. (வாசனை வீச்சு அதிகமுள்ள ஹபனேரோ மாதிரி சிலது இதற்கு ஓரளவு விலக்கு.) இன்னொரு வழியும் உண்டு. மிளகாயின் காரம் விதையில் இருப்பதாகப் பரவலாகச் சொல்வார்கள். அது உருவாவது விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைத் தசையில். அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தோலை மட்டும் காயவைத்துப் பொடித்தால், காரம் பெருமளவு குறைந்து வாசனை நிற்கும். பொறுமையுள்ள தயாரிப்பாளர்கள் அதைச் செய்கிறார்கள்.

சேர்க்கைகளில் எனக்குப் பிடித்ததும் பிடிக்காததும் உண்டு. ஆஞ்சோவும் 70 சதவீத டார்க்கும் சொன்னேனே, அது முதல் இடம். சிபோட்லேவின் புகை ஆளைத் தூக்கிவிடும். கோகோ அழுத்தமாக இல்லாவிட்டால் சாக்லேட் முழுக்கப் புகைக் கூண்டு வாசனைதான் அடிக்கும். அதோடு கல்லுப்பு சேர்ந்தால் தப்பித்துக்கொள்ளும். லவங்கப்பட்டை நன்றாகத் துணை போகிறது. ஆரஞ்சுத் தோல் நல்லதுதான். ஆனால் எலுமிச்சைச் சாற்றுப் பொடி மாதிரிப் புளிப்பானவை, டிஆர்பிவி1ஐ இன்னும் எளிதில் உசுப்பிவிடுவதால், மிளகாயை முன்னால் தள்ளிவிடுகின்றன. லிண்டின் எக்ஸலன்ஸ் வரிசையில் உள்ள மிளகாய் டார்க் ரொம்ப சாது. இந்த உலகத்துக்குப் புதியவர்களுக்கு அதைத்தான் முதலில் கொடுப்பேன். மிளகும் இஞ்சியும் சேர்த்த சாக்லேட்டுகளை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவற்றின் காரம் வேறு பொருட்களால் வருவது, அது வாயில் வேறு மாதிரி நடந்துகொள்கிறது.

பெப்பர் எக்ஸ் வகையறாக்களைப் போட்டு, மண்டையோட்டுப் படத்தோடு விற்கிற சவால் சாக்லேட்டுகளைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. அவற்றில் சாக்லேட் வெறும் வண்டி. வலியை ரசிப்பதைக் கேலி செய்யவில்லை. உளவியலாளர் பால் ரோசின் 1980 வாக்கிலேயே மிளகாய்ப் பிரியத்தை ஆராய்ந்து, ஆபத்தில்லை என்று மனசுக்குத் தெரிந்த வலியை மனிதர்கள் ரசிக்கப் பழகுகிறார்கள் என்று காட்டினார். அந்த ரசனை எனக்கும் இல்லாமல் இல்லை. ஆனால் கொழுப்பு காரத்தைத் தாமதமாக்கும் என்பதால் இங்கே ஓர் அபாயம் கூடுகிறது: ஒன்றும் தெரியவில்லையே என்று இரண்டாவதையும் விழுங்கிவிட்டால் இரண்டும் சேர்ந்து வயிற்றுக்குப் போன பிறகுதான் கணக்குத் தீர்க்கும். குழந்தைகள் கையில் கிடைக்கும்படி வைக்கக் கூடாது. ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பல சாக்லேட்டுகளை ஒரே உட்காரலில் ருசி பார்ப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சாதுவிலிருந்து முரடுக்குப் போக வேண்டும் என்பது யாருக்கும் தெரியும். இடைவெளிதான் பலருக்குத் தெரிவதில்லை. அடுத்தடுத்து உடனே சாப்பிட்டால் எரிச்சல் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும், மூன்றாவது சாக்லேட் அநியாயமாகக் கெட்ட பெயர் வாங்கும். சாப்பிட்டுவிட்டுக் கால் மணி நேரம் சும்மா இருந்தால் நேர்மாறு: நரம்பு மரத்துப்போய், அடுத்தது அதன் உண்மையான காரத்தைக் காட்டாது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் பிடிக்க வேண்டியிருக்கிறது. நாங்கள் ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு வாய் பாலும், உப்பில்லாத ரொட்டித் துண்டும் சாப்பிட்டு, எரிச்சல் அடங்கியதும் அடுத்ததைத் தொடுகிறோம். அப்படியும் நாலுக்கு மேல் போனால் என் தீர்ப்பை நானே நம்ப மாட்டேன். மறுநாள் வேறு வரிசையில் வைத்துச் சாப்பிட்டால் சில சமயம் முதல் இடமும் கடைசி இடமும் இடம் மாறிக்கொள்கின்றன, அதற்கு அடுத்த சண்டை ஆரம்பிக்கும்.

சூடாகக் குடிக்கிற மிளகாய் சாக்லேட்டுக்கு ஒரு எச்சரிக்கை மட்டும். கேப்சைசின் தொட்ட டிஆர்பிவி1, வழக்கத்தை விடக் குறைந்த சூட்டிலேயே கத்த ஆரம்பித்துவிடும். அதனால் கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் மிளகாயின் சூடும் பானத்தின் சூடும் ஒன்றாகச் சேர்ந்து கோகோவை அமுக்கிவிடும். கையில் கோப்பையைப் பிடிக்க இதமாகிற வரை ஆறவிட்டுக் குடித்தால், அதில் போட்டிருப்பது எந்த மிளகாய் என்பதுகூடத் தெரியும்.

ஒன்றே ஒன்று வாங்கிப் பார்க்கலாம் என்றிருப்பவர்கள் உறையைத் திருப்பிச் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். மிளகாய்க்கு ஒரு பெயர் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள்: ஆஞ்சோ, குவாஹியோ, சிபோட்லே, ஏதோ ஒன்று. கோகோ 60லிருந்து 75 சதவீதத்துக்குள் இருக்கட்டும். அதற்கு மேலே போனால் கசப்பும் காரமும் சேர்ந்து முரட்டுத்தனமாகிவிடும். 'சாறு', 'ஃப்ளேவர்' என்று மட்டும் போட்டிருந்தால் இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். வாங்கியதைப் பாதியாக ஒடித்து, ஒரு பாதியை மிளகாய் இல்லாத அதே சதவீத டார்க் ஒன்றோடு அடுத்தடுத்துச் சாப்பிட்டுப் பாருங்கள், வெறும் டார்க்கை முதலில்.